மூணு மாசமா அயர்ன் மாத்திரை திங்கேன், எச்பி 8.1ல இருந்து 8.4 தான் ஆச்சு. எங்க தப்பு?

ஒட்டுப்பால்:

எல்லாருக்கும் வணக்கம். நான் அருமனை பக்கம். வயசு 36, ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக்காரரும் நானும் ரப்பர் வெட்டு, வெளுப்புக்கு மூணு மணிக்கு எந்திச்சு தலையில லைட்டு கட்டிட்டு போனா பால் எடுத்து ஷீட் அடிச்சு வீடு வர பத்து மணி ஆவும். ஒரு வருசமாவே தளர்ச்சி தான், நான் அத வேலைக் களைப்புன்னு விட்டுட்டேன். அப்பறம் ஒரு நாள் ரெண்டு வாளி பாலும் தூக்கிட்டு மேட்டுல ஏறுறேன், பாதியில கண்ணு இருட்டிட்டு வந்து வாளிய வச்சிட்டு மரத்தப் பிடிச்சு நின்னேன், நெஞ்சு படபடன்னு அடிக்கது காதுல கேக்குது. அதுக்கு பெறவு தான் ரத்தம் டெஸ்ட் பண்ணினது, எச்பின்னா ரத்தத்துல இருக்க ஹீமோகுளோபின் அளவாம். எச்பி 8.1. எம்சிவின்னு ஒண்ணு 66ன்னு போட்டிருந்து. டாக்டர் அம்மா அயர்ன் மாத்திரை காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஒரு வெள்ள கால்சியம் மாத்திரை, காலைல வெறும் வயித்துல ஒரு கேஸ் மாத்திரை எழுதித் தந்தாவ. மூணு மாசம் ஆச்சு, போன வாரம் பாத்தா 8.4. இதுக்கா இவ்வளவு நாள் வாயெல்லாம் இரும்பு ருசியும் மலச்சிக்கலுமா கெடந்தேன்னு அழுகையே வந்துட்டு.

இப்ப கேள்வி என்னண்ணா, ஒண்ணு, ஏன் ஏறல? மாத்திரை டூப்ளிகேட்டா இருக்குமா? ரெண்டு, எங்க தெருவில ஒரு அக்கா ஒரு பவுடர் விக்காவ, டப்பா 1850 ரூபா, பால்ல கலக்கி குடிச்சா ஒரே மாசத்துல ரத்தம் ஊறும், மாத்திரைல கெமிக்கல், இது இயற்கைன்னு சொல்லுதாவ, வாங்கலாமா? மூணு, மோஷன் கருப்பா போகுது, அது பயமா இருக்கு.

இன்னொண்ணு சொல்ல வெக்கம், ஆனா இங்க யாருக்கும் என்னைத் தெரியாதுல்லா. ரேஷன் பச்சரிசி டப்பா அடுக்களையில இருக்கும், அது பக்கத்துல போனாலே கை தானா உள்ள போகுது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் அரிசி வரைக்கும் பச்சையா கொறிச்சிட்டு இருக்கேன். எனக்க மாமி பாத்துட்டு வயித்துல பூச்சின்னு சொன்னாவ. வீட்டுக்காரருக்கு தெரியாது.


தக்கலை மெடிக்கல்ஸ்:

அக்கா வணக்கம். 19 வருசமா மெடிக்கல் ஷாப்புல நிக்கேன், உங்க கேஸ் மாதிரி வாரம் நாலு பேரு கவுண்டர்ல வந்து "மாத்திர பிடிக்கல, டானிக் தா"ன்னு கேப்பாவ. டூப்ளிகேட்டா இருக்க வாய்ப்பு குறைவு. மோஷன் கருப்பா போகுதுன்னு சொல்லுதீங்கல்லா, அதுலயே தெரியுது இரும்பு வயித்துக்குள்ள போகுது, ஆனா ரத்தத்துல சேராம அப்பிடியே வெளிய போகுதுன்னு. அயர்ன் மாத்திரை சாப்புட்டா கருப்பு வரது சாதாரணம், பயப்படாண்டாம்.

நான் கேக்க ஒரே கேள்வி, மாத்திரைய எத்தன மணிக்கு, எதோட சேத்து முழுங்குறீங்க? இதுக்கு பதில் சொல்லுங்க, அப்பறம் பவுடர் கதைக்கு வருவோம்.


ஒட்டுப்பால்:

அண்ணே, தோட்டத்துல இருந்து வந்த உடனே பழங்கஞ்சி குடிச்சிட்டு, பால் சாயா போட்டு அந்த சாயாவோட அயர்னும் வெள்ள மாத்திரையும் சேத்து முழுங்கிடுவேன், மறந்து போகப்பிடாதுல்லா, அதுக்கு ரெண்டையும் ஒரே டப்பால போட்டு வச்சிருக்கேன். ராத்திரி சோறு தின்னுட்டு அடுத்தது, அப்பவும் ஒரு கட்டஞ்சாயா உண்டு. சாயா இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது, ஒரு நாளைக்கு ஆறு ஏழு கிளாஸ் போகும்.


தக்கலை மெடிக்கல்ஸ்:

கண்டுபிடிச்சாச்சு, கள்ளன் உங்க கிளாஸுக்குள்ள தான் இருக்கான்.

சாயால ஒரு துவர்ப்பு இருக்குல்லா, அது இரும்பக் கண்டா கட்டிப் பிடிச்சுக்கிடும், அப்பறம் குடல் அத உறிஞ்ச முடியாது. பால்லயும் வெள்ள மாத்திரைலயும் இருக்க கால்சியம் இரும்போட சண்டை போடும். கேஸ் மாத்திரை வயித்துல அமிலத்தக் குறைக்கும், இரும்பு கரையதுக்கு அந்த அமிலம் வேணும். ஆக நீங்க ஒரு இரும்ப உள்ள அனுப்பிட்டு அதப் பிடிக்க மூணு போலீஸையும் கூடவே அனுப்புறீங்க.

என்ன செய்யணும்னா, அயர்ன் ஒரு நேரம், கால்சியம் வேற நேரம், ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது வேணும். அயர்ன் மாத்திரைக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் சாயா, காப்பி, பால் வேண்டாம். பச்சத் தண்ணி, இல்லேண்ணா எலுமிச்சம்பழ வெள்ளம். நெல்லிக்கா ஒண்ணு கடிச்சாலும் நல்லது, வைட்டமின் சி இரும்பு உறிஞ்ச உதவும். வெறும் வயித்துல சாப்புட்டா நல்லா சேரும், ஆனா நீங்க வெறும் வயித்துல முழுங்கிட்டு வெளுப்புக்கு மேட்டுல ஏறினா ஓங்கரிச்சு அங்கயே வாந்தி எடுப்பீங்க. அதனால ராத்திரி சோறு தின்னு ரெண்டு மணி நேரம் கழிச்சு, ஒறங்கப் போற முன்ன ஒண்ணு முழுங்கிப் பாருங்க. கேஸ் மாத்திரை இன்னும் வேணுமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, நெறைய பேரு மாசக் கணக்கா சும்மா முழுங்கிட்டு இருக்காவ.

இன்னொரு சங்கதி. ஒரு நாளைக்கு ரெண்டுங்கதும் இப்ப கேள்வி தான். ஒரு டோஸ் இரும்பு உள்ள போன உடனே கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன விடும், அது ஒரு நாள் வரைக்கும் குடல் வாசலப் பூட்டி வைக்கும். பூட்டின வாசல்ல ரெண்டாவது மாத்திரை போய் முட்டினா பாதியும் வீணு, மலச்சிக்கல் தான் மிச்சம். 2017ல சுவிட்சர்லாந்துக்காரங்க இரும்பு குறைவான பெண்கள வச்சு பாத்தப்ப, தினமும் குடுத்தத விட ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தப்ப கூடுதல் இரும்பு சேந்துதுன்னு வந்துது. அதுக்காக நீங்களா டோஸ மாத்தாண்டாம், டாக்டர் அம்மாட்ட "ஒரு நேரம் போதுமா, ஒண்ணு விட்டு ஒண்ணு போதுமா"ன்னு கேளுங்க. வாயும் வயிறுமா இருக்கவங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது, அவங்க டாக்டர் சொன்ன மாதிரி தினமும் தான்.

பவுடர் டப்பாவ காசு குடுத்து வாங்காண்டாம், அந்த அக்காட்ட இருந்து ஒரு தடவ சும்மா கையில வாங்கிப் பொறத்தால இருக்க சின்ன எழுத்தப் படிங்க. இரும்பு எத்தன மில்லிகிராம்னு போட்டிருக்கும். அத இங்க போடுங்க.


சாளப்புளிமுளம்:

மக்ளே, நான் கொளச்சல் பக்கம், வயசு 61. இந்த மாத்திரை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டு, பீட்ரூட், மாதுளம்பழம், பேரீச்சம்பழம், தினமும் ரெண்டு மட்டி வாழப்பழம், காலைல கருப்பட்டி காப்பி. எனக்க மூத்த மகளுக்கு அப்பிடித் தான் ரத்தம் ஊறிச்சு. பீட்ரூட்டு வெட்டும்ப கையெல்லாம் ரத்தம் மாதிரி ஆவுதுல்லா, அது சும்மாவா?


நைட் டூட்டி சிஸ்டர்:

மாமி, கோவிச்சுக்காதீங்க, பீட்ரூட் நிறத்துல இருக்க சங்கதி வேற, இரும்பு வேற. 100 கிராம் பீட்ரூட்டுல 1 மில்லிகிராம் இரும்பு கூட வராது. மாதுளை அத விடக் கம்மி. பேரீச்சம்பழம் 100 கிராம்னா பத்துப் பதினஞ்சு பழம், அதுலயும் 1 மில்லிகிராம் பக்கம் தான். மட்டிப்பழம் நம்ம மாவட்டத்துக்கு பெரும தான், புவிசார் குறியீடு வரைக்கும் வாங்கிட்டு, ஆனா ரத்தத்துக்கு அது மருந்து இல்ல. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020ல சொல்லிருக்கு, ஆணுக்கு 19. சாப்பாட்டுல இருக்கது முழுசும் உடம்புல சேராதுங்கதுக்காகத் தான் இவ்வளவு பெரிய நம்பர் வச்சிருக்காங்க.

உங்க கொளச்சல்லயே இருக்கு மாமி நல்ல சாதனம். சிப்பி! பாறையில இருந்து பறிச்சு வருமே, அதுல இரும்பு நல்லா இருக்கு. ஆட்டு ஈரல், கோழி ஈரல், அதுக்கடுத்து சாளை, நெத்திலி. மீன் இறைச்சில இருக்க இரும்பு கீரைல இருக்கத விட பல மடங்கு லேசா சேரும், அது மட்டும் இல்ல, கூட இருக்க முருங்கைக்கீரை துவரன்ல உள்ள இரும்பையும் இழுத்து உள்ள கொண்டு போகும். மரச்சீனில இரும்பு ஒண்ணும் இல்ல, ஆனா மரச்சீனியும் சாளக்கறியும்னா அர்த்தம் உண்டு. கர்ப்பிணிங்க மட்டும் ஈரல் அடிக்கடி வேண்டாம், அதுல வைட்டமின் ஏ கூடுதல்.

ஆனா ஒட்டுப்பால் அக்காவுக்கு இது எதுவும் இப்ப தனியா போதாது. 8ல நிக்க எச்பி கறி தின்னு மேல வராது, மருந்து வேணும். ஒரு கணக்கு சொல்றேன், 50 கிலோ எடை, எச்பி 8னா, உடம்புல குறைவா இருக்க இரும்பு கிட்டத்தட்ட 1300 மில்லிகிராம். சாப்பாட்டுல இருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுக்கது ஒண்ணு ரெண்டு மில்லிகிராம். அதுல ஒரு மில்லிகிராம் அன்னைக்கே சும்மா தேஞ்சு போகும். இனி நீங்களே கணக்குப் போடுங்க எத்தன வருசம் ஆவும்னு.

அக்கா, நான் கேக்கது வேற. மாசம் தோறும் எத்தன நாள் போகுது? ஒரு நாளைக்கு எத்தன நாப்கின்? கட்டி கட்டியா போகுதா? ராத்திரி எந்திச்சு மாத்த வேண்டி வருதா? டாக்டர் இத கேட்டாவளா? செருப்பு போட்டுத் தான் தோட்டத்துல நடக்கியளா?

பச்சரிசி விசயம், வெக்கப்படாண்டாம். இரும்பு குறைஞ்சா அப்பிடி வரும், சிலருக்கு ஐஸ் கட்டி, சிலருக்கு செங்கல் பொடி, சாம்பல், செவத்துச் சுண்ணாம்பு. எங்க வார்டுல ஒரு புள்ள ஸ்கூல் சாக்பீஸ பாக்கெட்டோட தின்னுட்டு இருந்துது. மாத்திரை பிடிக்கத் தொடங்கினா அந்த ஆசை தானா போவும், பல பேருக்கு எச்பி ஏறதுக்கு முன்னாலயே போவும்.


சாளப்புளிமுளம்:

சிப்பிய சொன்னியே, அதுக்கு நீ நல்ல பிள்ள. எங்க அம்மை ஒண்ணு சொல்லுவாவ, இரும்புச் சட்டியில புளிக்கறி வைக்கப்பிடாது, கறி கறுத்துப் போவும்னு. அது செரியா தப்பா?


தக்கலை மெடிக்கல்ஸ்:

மாமி, கறுக்கது எதுனாலண்ணா சட்டில இருந்து இரும்பு எறங்கதுனால தான். அம்மை ருசிக்கு சொன்னாவ, ரத்தத்துக்குப் பாத்தா அந்தக் கறுப்பு நல்லது. புளி, தக்காளி போட்டு இரும்புச் சட்டியில வச்சா கறியில இரும்பு கூடும். நான்ஸ்டிக் வந்த பெறவு நம்ம வீட்டு இரும்புச் சட்டி எல்லாம் கோழிக்குத் தண்ணி வைக்கப் போய்ட்டு.


ஒட்டுப்பால்:

சிஸ்டர், நீங்க கேட்டத யாரும் கேக்கல. நானும் சொல்லல, எல்லாருக்கும் இப்பிடித் தான் போகும்னு நெனச்சேன். ரெண்டாவது பிள்ள பெறந்த பெறவு ஏழு எட்டு நாள் போகும். மொதல் மூணு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு மாத்தணும், கட்டியும் உண்டு, சில நேரம் பெரிய நெல்லிக்கா அளவு. அந்த நாள்ல தோட்டத்துக்கு கருப்பு பாவாட தான் உடுத்துட்டு போவேன், ரெண்டு நாப்கின் சேத்து வச்சு. ராத்திரி பழைய சீலைய நாலா மடிச்சு அடியில விரிச்சு படுப்பேன். செருப்பு, சத்தியமா சொல்றேன், மழைக்காலம் சரிவுல வழுக்கும்னு வெறுங்கால் தான்.

பவுடர் டப்பாவ சும்மா கையில வாங்கிப் பாத்தேன் அண்ணே. பொறத்தால எறும்பு ஊருறது மாதிரி எழுத்து, எனக்க மகன் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துப் பெருசாக்கிப் படிச்சான். ரெண்டு ஸ்பூனுக்கு இரும்பு 4 மில்லிகிராம். மாத்திரை அட்டையில எலிமென்டல் அயர்ன் 100 மில்லிகிராம்னு இருக்கு. அப்ப?


தக்கலை மெடிக்கல்ஸ்:

அப்ப என்ன, ஒரு மாத்திரைக்கு சமமாவதுக்கு நீங்க 50 ஸ்பூன் பவுடர், அதுவும் பால்ல. பால்ல இருக்க கால்சியம் அந்த நாலையும் விடாது. 1850 ரூபாய்க்கு நல்ல ஆட்டு ஈரல் வாங்கித் தின்னாலும் மிச்சம் வரும். அந்த அக்காவக் குறை சொல்லல, அவங்களுக்கும் மேல ஒருத்தர் டார்கெட் குடுத்திருப்பார்.

அட்டையப் படிக்கும்ப எலிமென்டல்ங்க வார்த்தையப் பாத்தீங்களே, அது தான் சங்கதி. மாத்திரையோட உப்பு எடை வேற, அதுக்குள்ள இருக்க நெசமான இரும்பு வேற. ஃபெரஸ் ஃபியூமரேட்ல மூணுல ஒரு பங்கு தான் இரும்பு, ஃபெரஸ் குளுக்கோனேட்ல நூறுக்கு 12. டானிக் பாட்டில்ல 200ன்னு பெருசா போட்டிருப்பான், அது உப்போட எடையா இருக்கும். அரசு ஆஸ்பத்திரில சும்மா தர செகப்பு மாத்திரைல நெசமான இரும்பே 60 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம். விலை இல்லங்கதுனால நம்மளுக்கு நம்பிக்கை இல்ல, அதான் அத விட்டுட்டு பாட்டில் தேடி வாறோம்.

சித்த மருந்து கேப்பாங்க சிலபேரு. அன்னபேதி செந்தூரம்னு ஒண்ணு உண்டு, அன்னபேதிங்கதே இரும்பு உப்பு தான். அதையும் இந்த மாத்திரையையும் தெரியாம ஒண்ணா திங்காண்டாம், ரெண்டு டாக்டருக்கும் மத்தவர் குடுத்தது என்னன்னு சொல்லுங்க.


நைட் டூட்டி சிஸ்டர்:

அக்கா, நீங்க சொன்னதுல தான் ஓட்டை இருக்கு. சாயா ஒரு காரணம், ஆனா அடியில ஓட்டை உள்ள வாளில மேல இருந்து எவ்வளவு ஊத்தினா என்ன. நல்ல ரத்தம் 2 மில்லி போனா 1 மில்லிகிராம் இரும்பு போச்சுன்னு வச்சுக்கிடுங்க. ஒரு மாசத்துல 80 மில்லிக்கு மேல போனா அது அளவு மீறினது, நீங்க சொல்றது அதத் தாண்டி இருக்கும்னு தோணுது. கர்ப்பப்பை ஸ்கேன் ஒண்ணு எடுங்க, ஃபைப்ராய்டு கட்டியா, ஹார்மோனா, தைராய்டான்னு பாப்பாங்க. பெண் டாக்டர்ட்ட போங்க, "கொஞ்சம் கூடுதல்"ன்னு சொல்லாதீங்க, இங்க எழுதின மாதிரி நாப்கின் கணக்கும் சீல மடிச்சு விரிக்கதும் அப்பிடியே சொல்லுங்க.

கூட ஃபெரிட்டின் டெஸ்ட் ஒண்ணு. அது உடம்புல சேத்து வச்ச இரும்ப காட்டும். 15க்குக் கீழ இருந்தா சேமிப்பு காலி. எம்சிவின்னா சிவப்பணுவோட சராசரி அளவு, 66ங்கது சிவப்பணு சிறுத்துப் போச்சுன்னு காட்டுது, அது இரும்பு குறைவுலயும் வரும், பிறவியிலயே வர தலசீமியா டிரெய்ட்ங்க ரத்தக் கோளாறுலயும் வரும். ஃபெரிட்டின் நல்லா இருந்து எம்சிவி மட்டும் குறைவா இருந்தா இரும்பு கொடுத்துட்டே இருக்கப்பிடாது, வேற டெஸ்ட் வேணும்.

வெறுங்கால் விசயம், ஈரமண்ணுல இருந்து கொக்கிப்புழு பாதத்துல துளச்சு உள்ள போய் குடல்ல ஒட்டி ரத்தம் குடிக்கும். உங்க மாமி பூச்சின்னு சொன்னது முழுப் பொய் இல்ல. டாக்டர்ட்ட ஆல்பென்டசோல்ங்க பூச்சி மாத்திரை கேளுங்க, 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை. பிள்ளைங்களுக்கு பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஸ்கூல்லயே குடுக்காங்க. தோட்டத்துக்கு ரப்பர் பூட்ஸ் ஒண்ணு வாங்குங்க, ரப்பர் வெட்டுறவங்களுக்கு அது கூட இல்லேண்ணா எப்பிடி.

இன்னொரு முக்கியம், மாத்திரை டப்பாவ பிள்ளைங்களுக்கு எட்டாத எடத்துல வைங்க. சின்னப் பிள்ள மிட்டாய்ன்னு பத்து அயர்ன் மாத்திரைய முழுங்கினா உயிருக்கே ஆபத்து. நான் சும்மா சொல்லல.


வடசேரி பஸ்ஸ்டாண்ட்:

எங்க அப்பா கதைய சொல்லட்டா, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க. அப்பாக்கு 64, மூட்டு வலிக்கு கடையில கேட்டு வாங்கின மாத்திரைய வருசக் கணக்கா தின்னுட்டு இருந்தாவ. தளர்ச்சின்னு ஒரு இடத்துக்கு கூட்டிட்டு போனோம், எச்பி 9, வயசாச்சுல்லா, சத்துக் குறைவுன்னு டானிக்கும் அயர்ன் மாத்திரையும் தந்து விட்டாவ. நாலு மாசம். நடுவுல மோஷன் கருப்பா போகுதுன்னு அப்பா சொன்னாவ, நாங்க எல்லாரும், நானும் தான், "அயர்ன் மாத்திரை தின்னா அப்பிடித் தான்"னு சொல்லி வாய அடச்சுட்டோம். ஒரு நாள் கக்கூஸ்ல மயங்கி விழுந்தப்ப தான் வேற ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனது, எச்பி 5.6, எண்டோஸ்கோபில வயித்துல புண்ணு, அதுல இருந்து ரத்தம் கசிஞ்சிட்டே இருந்திருக்கு. ரத்தம் ஏத்தி, புண்ணுக்கு மருந்து குடுத்து சரியாச்சு, இப்ப நல்லா இருக்காவ.

அதனால கருப்புன்னா பயப்படாண்டாம்னு மெடிக்கல்ஸ் அண்ணன் சொன்னது செரி, ஆனா இதையும் சேத்துக்கிடுங்க, அயர்ன் கருப்பு கெட்டியா, பச்ச கலந்த மாதிரி இருக்கும். ரத்தம் கலந்தா தார் மாதிரி பளபளன்னு ஒட்டும், தண்ணி ஊத்தினாலும் போகாது, நாத்தம் அடுத்த ரூமுக்கு வரும். ஆம்பிளைக்கும் மாசமுறை நின்ன பொம்பிளைக்கும் ரத்தம் குறைஞ்சா, ஏன் குறைஞ்சுதுன்னு கண்டுபிடிக்காம டானிக் குடுக்கப்பிடாதுன்னு அந்த ரெண்டாவது டாக்டர் சொன்னார். எனக்கு இன்னும் அந்த நாலு மாசம் மனசுல கெடந்து உறுத்துது.


தக்கலை மெடிக்கல்ஸ்:

தம்பி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. நான் அவசரத்துல பாதி சொல்லிட்டேன். மூட்டு வலி மாத்திரைய சீட்டு இல்லாம கேட்டு வரவங்களுக்கு நான் இப்ப குடுக்கது இல்ல, அதுக்கு எனக்கு கெட்ட பேரு தான் மிச்சம்.


குழித்துறை ஆத்துக்கரை:

இடையில ஒரு சந்தேகம், எனக்க மக ஒம்பதாங்கிளாஸ். ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை குடுக்காங்கல்லா, அத அவ வாயில போட்ட மாதிரி காட்டிட்டு வெளிய வந்து துப்புதா, வயித்த பெரட்டுதாம். பேக்க கழுவும்ப ஓரத்துல எட்டு மாத்திரை ஒட்டிட்டு இருந்துது. கட்டாயப்படுத்தணுமா?


நைட் டூட்டி சிஸ்டர்:

அந்த நீல மாத்திரையும் 60 மில்லிகிராம் தான், மதியம் சோறு தின்ன பெறவு முழுங்கினா பெரட்டல் கொறயும். வெறும் வயித்துல வாங்கிப் போட்டிருப்பா. அடிக்காதீங்க, ஒரு தடவ எச்பி பாருங்க, அவ வயசுக்கு 12க்கு கீழ வந்தா ரத்தக்குறைவு தான், அந்த நம்பர அவளுக்கே காட்டுங்க. 2019-21 குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரை உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தக்குறைவு. கிளாஸ்ல பக்கத்து பெஞ்சுல இருக்கவளுக்கோ இவளுக்கோ இருக்க வாய்ப்பு நெறைய.


சாளப்புளிமுளம்:

எங்க காலத்துல தொடையிலயும் பின்னாலயும் ஒரு கறுத்த ஊசி போடுவாவ, அந்த எடம் வருசக் கணக்கா கரி பூசின மாதிரி கெடக்கும். எனக்கு இப்பவும் ஒரு அடையாளம் உண்டு. ஒட்டுப்பாலுக்கும் அந்த ஊசி போடுவாவளா?


நைட் டூட்டி சிஸ்டர்:

அது பழசு மாமி. இப்ப கை ரத்தக்குழாய்ல டிரிப் மாதிரி ஏத்துவாங்க. அயர்ன் சுக்ரோஸ்னா ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், நாலஞ்சு தடவ போகணும், ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிகளுக்கு போடுவாங்க. கார்பாக்ஸி மால்டோஸ்னு இன்னொண்ணு, 1000 மில்லிகிராம் வரைக்கும் ஒரே தடவையா ஏத்தலாம். மாத்திரை ஒத்துக்காதவங்க, மாத்திரை தின்னும் எச்பி ஏறாதவங்க, பிரசவ தேதி கிட்ட வந்தும் எச்பி குறைவா இருக்கவங்க, இவங்களுக்குத் தான் அது. ஆஸ்பத்திரில வச்சு தான் போடணும், கிளினிக் ஓரத்துல நின்னுட்டு இல்ல, அரிப்பு, மூச்சு முட்டல் வந்தா பாக்க ஆளு வேணும்.


ஒட்டுப்பால்:

ரெண்டு மாசம் கழிச்சு வாறேன், மன்னிச்சுக்கிடுங்க, மழை விட்டு வெட்டு தொடங்கி நேரமே இல்ல. பாத்தவங்க தெரிஞ்சுக்கிடட்டும்னு எழுதுறேன்.

ஃபெரிட்டின் 5. ஸ்கேன்ல கர்ப்பப்பையில 4 சென்டிமீட்டர்ல ஒரு ஃபைப்ராய்டு கட்டி. புதுசா போன டாக்டர் அம்மாட்ட சீல மடிச்சு விரிக்கதையும் சொன்னேன், கொஞ்ச நேரம் எழுதாம என்னையே பாத்திட்டு இருந்தாவ, "இத எத்தன வருசம் கொண்டு நடக்கிய"ன்னு கேட்டாவ. அந்த நாலஞ்சு நாளுக்கு மட்டும் போக்கு குறைய ஒரு மாத்திரை தந்திருக்காவ, கட்டிக்கு இப்ப ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாசத்துல திரும்பப் பாப்போம்னு சொன்னாவ. பூச்சி மாத்திரையும் வாங்கினேன், வீட்ல எல்லாருக்கும். கேஸ் மாத்திரைய நிப்பாட்டியாச்சு. அயர்ன் ஒரு நேரம் போதும்னு சொன்னாவ, ராத்திரி ஒம்பது மணிக்கு எலுமிச்ச வெள்ளத்தோட. வெள்ள மாத்திரை மதியம். எனக்க வீட்டு மாமி தான் ராத்திரி சாயாவ ஒளிச்சு வச்சு காவல் இருக்காவ, எட்டு மணிக்கு மேல பாத்திரத்த தொட விடமாட்டாவ.

நேத்து டெஸ்ட். 10.6.

டப்பா அக்கா இன்னும் விடல, "பவுடர் வாங்காமலா ஏறிச்சு?"ன்னு கேக்காவ.


தக்கலை மெடிக்கல்ஸ்:

கொள்ளாம் அக்கா! ஆனா 12 வந்த உடனே மாத்திரைய தூக்கி மூலைல போட்டுராதீங்க. எச்பி சரியான பெறவும் மூணு மாசம் பக்கம் எடுத்தா தான் சேமிப்பு நிறையும், எப்ப நிறுத்தணும்னு ஃபெரிட்டின் பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும். பாதில நிப்பாட்டி திரும்ப என் கவுண்டருக்கே வரவங்க தான் அதிகம்.


நைட் டூட்டி சிஸ்டர்:

பச்சரிசி?


ஒட்டுப்பால்:

சிஸ்டர், நீங்க கேட்ட பெறவு தான் யோசிக்கேன். இன்னைக்கு சாயங்காலம் கொழுக்கட்டைக்கு ஊறப்போட அந்த டப்பாவத் தொறந்து ரெண்டு நாழி அளந்து எடுத்தேன், மூடி வச்சேன், ஒரு மணி கூட வாயில போகல. எப்ப நின்னுதுன்னே தெரியல. டப்பா நெறஞ்சு இருக்கு, மாமி கூட "ரேஷன் அரிசி இந்த மாசம் கூடுதல் தந்தானோ"ன்னு கேட்டாவ.

செரி, மணி ஒம்பது ஆச்சு, மாத்திரைய முழுங்கிட்டு ஒறங்கட்டு. மழை இல்லேண்ணா மூணுக்கு எந்திக்கணும். பூட்ஸ் வாங்கியாச்சு, கொஞ்சம் பெருசு, நடக்கும்ப சளக் சளக்குன்னு சத்தம், வீட்டுக்காரரு தூரத்துல இருந்தே நான் வரது தெரியும்னு சிரிக்காரு.